ஒரு தோட்டத்தை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள், தங்கச்சி

கேள்வி: நான் ஹப்புத்தளைக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 24. உயர்தரத்தில் வரலாறு, தமிழ், புவியியல் படித்தேன். இப்போது எல்லயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்புப் பக்கம் வேலை. வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் மலையகத் தமிழ் ஆட்களைப் பற்றிக் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். மேலும் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. எங்கள் தோட்டத்து வரலாற்றைத் தேடி எழுதவும், அதைச் சொல்லும் வழிகாட்டியாக வேலை செய்யவும், அந்த வருமானத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவும் ஆசை. இது சோறு போடுமா? அப்பா தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்து ஓய்வு பெற்ற கங்காணி. "பொம்பளப் பிள்ளைக்கு இது ஒரு தொழிலா, டீச்சர் வேலைக்குப் பாரு" என்கிறார். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தைக் காட்டிக் காசு வாங்குவது சரியா என்ற கேள்வியும் மனதை அரிக்கிறது.
– வாசகி, ஊவா

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

சோறு போடுமா என்பதற்கே முதலில் பதில் சொல்கிறேன். போடும். ஆனால் வருசம் முழுக்க ஒரே அளவாகப் போடாது. 2018இல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். அடுத்த வருசம் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அதற்கடுத்து கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி, பெட்ரோல் வரிசை. 2024இல்தான் மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் இந்தத் தொழிலில் இருந்த எத்தனையோ பேர் வேனை விற்றார்கள், மரக்கறி ஏற்றப் போனார்கள், கட்டாருக்கும் துபாய்க்கும் போனார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. அதனால் இதை மட்டுமே நம்பி நாளைக்கே வேலையை விட்டுவிடுங்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்தைத் தாண்டி நின்றவர்கள் யார் என்று பார்த்தால், ஏதாவது ஒரு இடத்தை அடிமுதல் நுனிவரை தெரிந்து வைத்திருந்தவர்கள்தான். ஊரெல்லாம் காட்டுகிறவரை ஏஜென்சி மாற்றிவிடும். ஒரு மலையின் கதை முழுக்க ஒருவருக்குத்தான் தெரியும் என்றால் அவரைத்தான் தேடி வரவேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, மேலும் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான். அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். வரலாறு, வருமானம், சேவை என்று நீங்கள் மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள பத்து மைலையும் உங்களைப் போல் வேறு யாருக்கும் தெரியாது என்ற நிலை வந்தால், அந்த மூன்றும் ஒரே வேலைக்குள் அடங்கிவிடும்.

உங்கள் பக்கத்தில் இப்போது என்ன சொல்லப்படுகிறது என்று பாருங்கள். லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்கு ஆட்டோவில் ஏறுகிறார்கள். "இங்கேதான் லிப்டன் துரை உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தார்" என்று ஒரு வரி. 1890இல் கட்டிய தம்பேத்தனை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஒரு சுற்று. அப்புறம் 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷாம் பங்களா, இப்போது பெனடிக்ட் துறவிகளின் மடம். அதோடு ஹப்புத்தளை முடிந்தது. அந்தச் சீட்டுக்குக் கீழே நிரையில் நிற்கிற பெண் எந்த மலையில் எத்தனை மணிக்குப் பெரட்டு (காலையில் வேலைக்குப் பேர் கொடுப்பது) எடுத்தாள், கொழுந்து எப்படி நிறுக்கப்படுகிறது, கவ்வாத்து (செடியைக் கட்டையாக நறுக்குவது) வெட்டிய மலை ஏன் மொட்டையாக நிற்கிறது, ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் காயும்போது ஊவாத் தேயிலைக்கு ஏன் அந்த மணம் வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை. நீங்கள் அதைச் சொல்லலாம். கொழுந்துக் கூடை சுமந்த பாட்டியின் பேத்தி சொன்னால் அதற்கு வேறு கனம் இருக்கும்.

மற்றப் பக்கமும் இப்படித்தான். ஹேவாஹெட்டையில் லூல்கந்துரைக்குப் போகிறவர்களுக்கு ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதை கிடைக்கும். அதே ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் சம்பளப் போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அந்தக் கதையைக் கேட்டவர் எத்தனை பேர்? இராமாயண யாத்திரை பஸ்கள் சீதா எலியாவுக்கும் றம்பொடைக்கும் லயங்களை ஒட்டித்தான் போகின்றன. பக்தியோடு வருகிறவர்களை நான் மதிக்கிறேன். அந்த வழியில் 200 வருசமாக வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் கடந்து போவதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

சரி, எங்கே தேடுவது? தொங்கல் லயத்தில் டிரங்குப் பெட்டி வைத்திருக்கும் கிழவியிடம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. மலையகத்தின் மிகப் பெரிய சுவடிக்கூடம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற அந்தப் பெட்டிகள்தான். திறந்தால் மேலே கல்யாணப் புடவை இருக்கும், கற்பூர வாசம் வரும். அதற்குக் கீழே பொலித்தீன் பையில் சுற்றிய காகிதங்கள்: பிறப்புச் சாட்சிப் பத்திரம், கூப்பன் புத்தகம், சேமலாப நிதிக் காகிதம், பிரஜாவுரிமைச் சான்றிதழ், இல்லாவிட்டால் அதற்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட கடிதம். சில வீடுகளில் இந்தியக் கடவுச்சீட்டு. இன்னும் பழைய வீடாக இருந்தால், ஆள் கட்டி அழைத்து வந்த காலத்துத் தகரத் துண்டுகூட இருக்கலாம். ஒவ்வொரு காகிதமும் ஒரு சட்டத்தின் கதை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். 2003இல்தான் எஞ்சியவர்களுக்குச் சட்டம் வழி திறந்தது. பாடப் புத்தகத்தில் இதைப் படித்தால் எண்ணாக நிற்கும். அண்ணன் பேர் ஒரு நாட்டுக் காகிதத்திலும் தங்கச்சி பேர் இன்னொரு நாட்டுக் காகிதத்திலும் இருப்பதை ஒரே பெட்டியில் பார்க்கும்போதுதான் என்ன நடந்தது என்று உறைக்கும்.

அந்தக் காகிதங்களை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே, வாசல் வெளிச்சத்தில் வைத்து, வீட்டுக்காரர் சம்மதத்தோடு போனில் படம் எடுங்கள். யார், எந்த லயம், எந்தத் தேதி, காகிதம் எந்த ஆண்டு என்று அன்றைக்கே கொப்பியில் எழுதிவிடுங்கள். படம் இருந்து பேர் இல்லாமல் போனால் அது யாருக்கும் உதவாது. பேச்சைப் பதிவு செய்யும்போது "உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் நாள் பேர் பதிந்தபோது கிடைத்த சம்பளம் எவ்வளவு, பிள்ளைக்காம்பராவில் (வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் இடம்) யார் இருந்தது, காமன் கூத்தில் ரதியாக யார் ஆடியது, 83 கலவரத்தில் எந்த மலையில் ஒளிந்தீர்கள் என்று கேளுங்கள். சில கேள்விக்குக் கண்ணீர்தான் பதிலாக வரும். அப்போது பதிவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போங்கள்.

எழுத்துச் சான்றும் வேண்டும். பெர்குசன் டைரக்டரியில் ஒவ்வொரு தோட்டமும் எத்தனை ஏக்கர், யார் சொந்தக்காரர், யார் துரை (தோட்ட முகாமையாளர்) என்று ஆண்டுவாரியாக இருக்கும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி உங்கள் தோட்டத்தின் பேரை மட்டும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தால், கோப்பி எப்போது போனது, தேயிலை எப்போது வந்தது என்று கண் முன்னால் தெரியும். 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்தது எல்லாருக்கும் தெரியும். உங்கள் மலையில் அது எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர் நீங்களாக இருக்கவேண்டும். ஆட்களின் வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோல், தோட்ட வரைபடம் போன்றவை 1972, 1975 அரசுடைமையிலும் 1992இல் கம்பனிகளிடம் கைமாறியபோதும் பல தோட்டங்களில் தொலைந்து போயின. இருந்தாலும் பெரியதுரைக்கு முறையாக ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். ஸ்டோர் மாடியில் எங்காவது ஒரு கட்டு இருக்கும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அரும்பொருளகமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். சாமான்களுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

இன்னொன்று. உங்கள் வரலாறு தேயிலையில் தொடங்குகிறது, அந்த மண்ணின் வரலாறு அங்கே தொடங்கவில்லை. பிரித்தானியருக்கு எதிரான 1817–18 ஊவாக் கிளர்ச்சி நசுக்கப்பட்ட மண் அது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் காணிச் சட்டத்தால் சிங்களக் கிராமத்தவர்களின் சேனைப் பயிர் நிலம் பிரித்தானிய முடிக்குப் போய், அங்கிருந்து கோப்பித் துரைமாருக்குப் போனது. இதைத் தெரியாமல் நம் துயரத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்களிடமும் போய் உட்காருங்கள். சிங்களம் பேச வரும் என்று நினைக்கிறேன், எழுதப் படிக்கவும் பழகுங்கள். அனுமதிக் கந்தோரில் அது உங்களைக் காப்பாற்றும்.

உரிமம் பற்றி. உரிமம் இல்லாமல் வழிகாட்ட வேண்டாம். பொலிஸ் பிடித்தால் அவமானம், விபத்து நடந்தால் அதைவிட மோசம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று தரம் பிரித்து உரிமம் கொடுக்கிறது. நாடு முழுக்கச் சுற்றும் தேசிய உரிமம் இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை. பிரதேச உரிமத்துக்கு முயலுங்கள். பயிற்சிக்கான அறிவித்தல் பத்திரிகைகளிலும் சபையின் தளத்திலும் வரும். ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசுவது முக்கியம், எல்லயில் நீங்கள் தினமும் பேசுவது நல்ல பயிற்சி. அதோடு ஜெர்மனோ பிரெஞ்சோ ஒன்று. பண்டாரவளையில் ஹோட்டல் பாடசாலை இருக்கிறது, பட்டம் வேண்டுமென்றால் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத் துறை உண்டு. முதலுதவிப் பயிற்சி ஒன்றும் எடுத்துவிடுங்கள். அட்டை கடித்ததற்கே மயங்குகிறவர்கள் வருவார்கள்.

வேலைக்கு இடம் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ டிரெயில் என்ற நடைபாதை 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். அது பெரும்பாலும் நம் ஆட்கள் வெட்டி, நம் ஆட்கள் நடந்த தோட்டப் பாதை. அதில் உங்கள் பகுதிக்குள் வரும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டாலே ஒரு நாள் நடையாகிவிடும். ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழையில் நனைகிற ஜூலை, ஓகஸ்டில் உங்கள் பக்கம் காய்ந்திருக்கும். ஐரோப்பியர்களுக்கு அதுதான் விடுமுறை. இன்னொரு கூட்டத்தை யாரும் கவனிப்பதில்லை: கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் தாத்தா பிறந்த தோட்டத்தைத் தேடி வருகிறவர்கள். ஒப்பந்தத்தில் கப்பல் ஏறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். கையில் ஒரு தோட்டத்தின் பேர் மட்டும் இருக்கும், அதுவும் தமிழில் அழைத்த பேர். அந்தப் பேரை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, பழைய லயத்து வாசலில் அவர்களை நிறுத்தி, அவர்கள் தாத்தாவைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவருவதைப் போல நிறைவான வேலை இந்தத் தொழிலில் வேறு இல்லை. சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

லயத்தைக் காட்டலாமா என்ற கேள்வி. அது உங்களை அரிக்கிறது என்பதாலேயே உங்களை நம்பி இந்த வேலையைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று எட்டிப் பார்க்க ஆளைக் கூட்டிப் போவது பாவம். வீட்டுக்காரர் "வாங்க" என்று அழைத்து, பாய் விரித்து, பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, தான் விரும்பியதைப் பேசுவது விருந்து. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காப்பதுதான் உங்கள் வேலை. தொகையை முன்கூட்டியே வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்யுங்கள். அதை உங்கள் கையால் கொடுங்கள், பயணி சில்லறையாக நீட்டக்கூடாது. ஒரே வீட்டுக்கே போனால் லயத்துக்குள் சண்டை வரும், மாறி மாறிப் போங்கள். நாலைந்து பேருக்கு மேல் கூட்டம் வேண்டாம். பிள்ளைகளைப் படம் எடுக்க விடாதீர்கள். டொபி, பேனை கொடுக்க விடவே விடாதீர்கள். வேனைக் கண்டதும் கை நீட்டி ஓடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பழக்கத்தை அவர்களுக்கு யாரோ ஒரு நல்ல மனதுக்காரர்தான் தொடங்கி வைத்திருப்பார். அந்த பிளேன்ரீ பற்றியும் சொல்லுங்கள்: நல்ல தேயிலை கப்பல் ஏறிப் போகிறது, அதைப் பறிக்கிற வீட்டில் கொதிப்பது தூளாக மிஞ்சும் டஸ்ட். பயணி கப்பைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியதில்லை.

மீரியபெத்தை உங்களுக்குத் தூரமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் மண்ணுக்குள் போன அந்த லயங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் வருவார்கள். அங்கே வேனை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். அபாயம் பற்றி முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தும் அந்த ஆட்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள், போக அவர்களுக்குச் சொந்தக் காணி எங்கே இருந்தது என்பதை நடக்கும் வழியில் சொல்லலாம். அதே காரணத்தால்தான் லயத்தில் ஹோம்ஸ்டே என்ற யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். வீட்டுக்குச் சொந்தமென்று காட்டும் உறுதிப் பத்திரம் இல்லை, நிலம் கம்பனி நிர்வாகத்தில். தோட்டப் பாதையில் ஆட்களைக் கூட்டிப் போவதற்கே நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு உதவுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். புத்தகப் பையும் சப்பாத்தும் கொடுத்துப் படம் எடுக்கிற சேவை வேண்டாம். பிறப்புப் பதிவில் பேர் பிழைத்து அடையாள அட்டை கிடைக்காமல் அலைகிற பிள்ளைகள் உங்கள் தோட்டத்திலேயே இருப்பார்கள். பழைய காகிதங்களைத் தேடப் பழகிய உங்களுக்கு அந்த வேலை கைவரும். பிரதேச செயலகத்துக்கு ஒரு பிள்ளையோடு நீங்கள் போய்வருவது பத்துப் பைகளைவிடப் பெரிய உதவி. பணம் கொடுக்க விரும்பும் பயணிகள் வந்தால், தனியாக வாங்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கமாகப் பதிந்து, கணக்கை மாதாமாதம் கோயில் வாசலில் வாசியுங்கள்.

அப்பா சொல்வதில் பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். பகல் நடை மட்டும் எடுங்கள். தனி ஆணாக வருகிறவரை ஆரம்பத்தில் ஏற்க வேண்டாம், குடும்பமாகவோ குழுவாகவோ வரட்டும். முன்பதிவு உங்கள் கெஸ்ட் ஹவுஸ் மூலமாகவே நடக்கட்டும், ஆளின் விபரம் அங்கே பதிவில் இருக்கும். போகும் பாதையும் திரும்பும் நேரமும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவிடம் வாதாடுவதைவிட, கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்காருங்கள். ஒரு கங்காணிக்குத் தெரிந்த மலைப் பேர்களும் ஆள் பேர்களும் எந்த டைரக்டரியிலும் கிடையாது.

டீச்சர் வேலை கிடைத்தால்? எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னதும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் யோசித்துத்தான் சொல்கிறேன். மலையகத்து வரலாற்றைத் தேடி எழுதியவர்களில் நிறையப் பேர் பாடசாலை ஆசிரியர்கள்தான். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்தால் போடுங்கள். பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். ஓகஸ்டும் டிசம்பரும் பயணிகள் அதிகம் வருகிற மாதங்கள். மாதச் சம்பளம் கையில் இருந்தால் பிடிக்காத குழுவுக்கு "இல்லை" என்று சொல்லலாம், லயத்து வாசலில் விலை பேசுகிற ஆளைத் திருப்பி அனுப்பலாம். உங்கள் மாணவர்களைக் கொண்டே பாட்டிமார்களிடம் கதை சேர்க்கலாம். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு வெளியே வருமானம் எடுக்கத் திணைக்கள அனுமதி வேண்டும், அதை முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள். நியமனம் வரும்வரை எல்ல வேலையை விடாதீர்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரு லீவு நாளை டிரங்குப் பெட்டிகளுக்கு ஒதுக்குங்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள் உங்கள் தோட்டத்தில் யார் யார் என்று இந்த வாரமே ஒரு பட்டியல் போட்டு, மிகவும் தளர்ந்தவரிடம் முதலில் போங்கள்.